மலரில் மாணவர் எங்கே?

கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

கொங்குப் பக்கம் ஒரு மாவட்டத் தலைநகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் டிசம்பர் பிறந்து மார்ச் முடியும்வரை எங்கள் மெஷினை ஓய விடாமல் பார்த்துக்கொள்பவர்கள் நீங்கள்தான். கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதி ஒரு மேசையில், கல்லூரி ஆண்டு மலர் இன்னொரு மேசையில். இரண்டுக்கும் லே-அவுட் செய்வது ஒரே ஆபரேட்டர். இரண்டின் மெய்ப்பையும் கடைசியாகப் பார்ப்பது நான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டையும் ஒரு வரி விடாமல் படித்த ஆள் உங்கள் கல்லூரியிலேயே இருக்கிறாரா என்பது சந்தேகம். நான் படித்திருக்கிறேன், கூலிக்குத்தான் என்றாலும்.

அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தொகுதிக்கு நீங்கள் படுகிற பாட்டில் கால்வாசியை மலரில் மாணவர்கள் எழுதுகிற பக்கங்களுக்குப் படுங்கள் என்று கேட்கப்போகிறேன். ஏற்கெனவே அப்படிச் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் தொகுதியைப் பேசிவிடுவோம். ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ என்று பேனர் தொங்கும். கட்டுரைகள் மின்னஞ்சலில் வந்து குவியும். ஒன்று பாமினியில், ஒன்று வானவில்லில், ஒன்று யுனிகோடில், இன்னொன்று எந்த எழுத்துருவில் அடித்தது என்று எழுதியவருக்கே தெரியாத ஒன்றில். மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். அதை உட்கார்ந்து சரிசெய்வது எங்கள் வேலை, அதில் குறையில்லை. ஆனால் படித்துக்கொண்டே போகும்போது ஒன்று தெரிகிறது. நாலு பக்கம், முன்னுரை, அதே நூலின் அதே மேற்கோள்கள், ‘என்பதை இக்கட்டுரை வாயிலாக அறிய முடிகிறது’, முடிவுரை, துணைநூற்பட்டியல். திருக்குறளில் மேலாண்மை ஒரே தொகுதியில் மூன்று பேருக்கு அறிய முடிந்திருக்கும், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி. பின் அட்டையில் ஐ.எஸ்.பி.என். பட்டைக்கோடு சரியாக ஸ்கேன் ஆகிறதா என்று கேட்டுப் போன் மேல் போன் வரும். உள்ளே ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் கட்டுரை ஏறியிருந்தால்கூட நூல் வெளியீட்டுக்குப் பிறகும் யாரும் கூப்பிடுவதில்லை.

ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண். புதுதில்லியில் மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதைக் காசு வாங்காமல் தருகிறது. விண்ணப்பித்தால் சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் கிடைக்கும், சோதிடப் புத்தகத்துக்கும் கிடைக்கும். உள்ளே இருப்பது நல்ல சரக்கா என்று அவர்கள் பார்ப்பதில்லை, பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பதின்மூன்று இலக்கத்துக்கு ஏதோ அக்மார்க் முத்திரைக்கு உள்ள மரியாதை வந்துவிட்டது.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏ.பி.ஐ. என்ற புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்ததிலிருந்து பதவி உயர்வு கட்டுரை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் காட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் குழு வரும்போது ஓர் ஆசிரியருக்கு எத்தனை நூல், எத்தனை இயல், எத்தனை தொகுதிக் கட்டுரை என்று வகுத்துப் பார்த்தார்கள். கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்? கேட்பவர் எண்ணிக்கை கேட்டார், நீங்கள் எண்ணிக்கை கொடுத்தீர்கள். இடையில் ஆய்விதழ்கள் முளைத்தன. 2017-இல் மானியக் குழு ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டு மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை அதுவே நீக்கியது. அப்புறம் அதன் இடத்தில் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2019-இலிருந்து ‘அது கேர்ல இருக்கா?’ என்பதுதான் துறை அறைகளில் முதல் கேள்வி. என் அச்சகத்துக்கு வருகிறவர்கள்கூட டீ குடித்துக்கொண்டே அதைத்தான் பேசுவார்கள்.

இப்போது அந்தப் பட்டியலும் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் மானியக் குழு அதைக் கைவிட்டு, எந்த இதழ் தரமானது என்பதை நிறுவனங்களும் துறைகளும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022-லேயே எடுக்கப்பட்டது. இவ்வளவு காலம் ‘மேலே கேட்கிறார்கள், என்ன செய்வது?’ என்று நீங்கள் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. இப்போது மேலே இருப்பவர்கள் பாதிப் பந்தை உங்கள் பக்கம் உருட்டிவிட்டார்கள். எது நல்ல எழுத்து என்று துறையே உட்கார்ந்து முடிவு செய்யலாம். அந்தக் கூட்டத்தில் மாணவர் எழுத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்பதற்காகத்தான் இந்த வருடமே எழுதுகிறேன். இன்னும் இரண்டு வருடம் விட்டால் வேறொரு பட்டியல் வந்துவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வருகிற தொகுதிகளில் காசு கட்டிக் கட்டுரை போடுவதில் முன்வரிசையில் நிற்பவர்கள் நிரந்தரப் பேராசிரியர்கள் கிடையாது. கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களும்தான். என்றைக்காவது வேலை நிரந்தரம் ஆகும்போது பயோடேட்டாவில் நாலு வரி கூடுதலாக இருக்கட்டும் என்று, வாங்குகிற சொற்பச் சம்பளத்தில் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். பிரதி வாங்க வருகிற அவர்கள் பையில் மதியச் சாப்பாட்டு டப்பாவும் மூன்று கருத்தரங்கச் சான்றிதழ்களும் இருக்கும். அவர்களைக் கேலி செய்து ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

சரி, மலருக்கு வருகிறேன்.

ஒரு சராசரி ஆண்டு மலரின் உடம்பு எனக்கு மனப்பாடம். நிறுவனர் படம், தாளாளர் வாழ்த்துரை, செயலர் வாழ்த்துரை, முதல்வர் ஆண்டறிக்கை, துறை அறிக்கைகள், தர வரிசைப் பட்டியல், விளையாட்டு, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., இறுதியாண்டு குரூப் போட்டோக்கள். இவையெல்லாம் ஆர்ட் பேப்பரில், மல்டிகலரில். அதற்குப் பிறகு தாள் மாறும். மேப்லித்தோவில், கறுப்பு மையில், ‘மாணவர் படைப்புகள்’ என்று ஒரு தலைப்பு. பக்கத்துக்கு மூன்று கவிதை வீதம் நெருக்கி அடுக்கச் சொல்வீர்கள். அம்மா, நட்பு, விவசாயி, அப்துல் கலாம். பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை. எங்கள் ஆபரேட்டர் பெண்ணே ‘அண்ணா, இதைப் போன வருசம் வேற காலேஜ் மலர்ல அடிச்சோம்’ என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

மாணவர்கள் ஏன் காப்பியடித்துக் கொடுக்கிறார்கள்? யாரும் அவர்களிடம் எழுத்தைக் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை மட்டும்தான் ஒட்டப்படுகிறது: ‘மலருக்கான படைப்புகளை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் தமிழ்த்துறையில் ஒப்படைக்கவும்.’ ஒப்படைக்கவும் என்றால் எதையாவது ஒப்படைப்பார்கள். கொடுத்ததைப் படித்துவிட்டு ‘இந்த இரண்டாவது வரி நல்லா இருக்கு, மீதியை வீட்டுக்குப் போய் மறுபடி எழுதிட்டு வா’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுமுறை அந்தப் பிள்ளை காப்பியடிக்காது.

சில நேரம் நல்லதும் வரும். வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். பி.காம். இரண்டாமாண்டு படிக்கிற பெண் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை, கோடு போட்ட தாளில், கைப்பட. அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, தைத்து வந்த துணியில் பிசிறு வெட்டுவது. ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டுக் கம்பெனி வேனில் வந்து இறங்குகிற நேரம், கையில் கத்திரி பிடித்த இடத்தில் காய்ப்பு, மாதக் கடைசியில் ஆர்டர் இல்லாவிட்டால் வீட்டில் நடக்கிற பேச்சு எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: கோயிலுக்குப் போன இடத்தில் முன்னால் நின்ற பொம்பளையின் சேலைத் தலைப்பில் நூல் தொங்குவதைப் பார்த்த எங்கம்மா, கும்பிட்ட கையை இறக்கி அதைக் கிள்ளிப் போட்டுருச்சு, அந்தப் பொம்பள திரும்பி முறைச்சுது. தலைப்பு ‘பிசிறு’. ஒரு மெய்ப்புக்காரனுக்கு இப்படி ஒரு வரி ஒரு சீசனுக்கு ஒன்று கிடைத்தால் போதும்.

அந்தத் தாளின் மேல் சிவப்பு மை ஓடியிருந்தது. ‘எங்கம்மா’ என்பதை அடித்து ‘என் அன்னை’. ‘பொம்பள’ என்பதை அடித்து ‘பெண்மணி’. ‘போட்டுருச்சு’, ‘முறைச்சுது’ இரண்டும் இலக்கணமாகியிருந்தன. கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்தைப் பற்றிய பத்தி முழுதாகப் போயிருந்தது. ஓரத்தில் ‘எதிர்மறையாக உள்ளது’ என்று குறிப்பு. தலைப்பு ‘தாய்மையின் தியாகம்’. கீழே மிச்சம் இருந்த இடத்தில் ‘தியாகத்தின் திருவுருவமே தாய்’ என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது, அதுவும் சிவப்பிலேயே.

திருத்தியவரைத் திட்ட நான் வரவில்லை. மூன்று பிரிவு வகுப்பும், அகமதிப்பீட்டுத் தாள்களும், நாக் கோப்பும் வைத்துக்கொண்டு அறுபது படைப்புகளை ஒரே மாலையில் பார்த்திருப்பார். மலர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த மாணவி மலரைக் கையில் வாங்கியதும் எதைக் கற்றிருப்பாள்? தன் வீட்டைப் பற்றித் தன் வாயால் சொல்வது எழுத்தாகாது என்று. இதை ஒருமுறை கற்றுக்கொண்ட பிள்ளை மறுபடி உங்களிடம் தாள் நீட்ட மாட்டாள்.

அந்தப் பெண் பி.காம். என்பதைக் கவனியுங்கள். என் மேசைக்கு வந்த நல்ல மாணவர் எழுத்தில் பெரும்பகுதி தமிழ்த்துறைக்கு வெளியிலிருந்து வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பகுதி ஒன்று தமிழ் என்பதால் வேதியியலும் கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் உங்கள் வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும். வேதியியல் ஆசிரியர் தன் மாணவனிடம் வேதியியல்தான் கேட்பார். அவன் ஊர், அவன் வீடு, அவன் பயம், அவன் பஸ்ஸில் பார்த்தது, இவற்றைக் கேட்பதற்குக் கால அட்டவணையில் இடம் இருக்கிற ஒரே வகுப்பு உங்களுடையது. அந்த இடத்தில் ஒவ்வொரு பருவமும் ‘நூல் நயம்’, ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்று போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள்தாம், 1978-இல். பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் கல்லூரிகள் இன்று ஏராளம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை மாணவர் சொந்தமாக எழுதித் திருத்தி மறுபடி எழுதிய இரண்டு பக்கத்துக்கு ஒதுக்கப் பாடத்திட்டக் குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இதில்தான். நாட்டுப்புற இயல் கட்டுரைகள் தொகுதிகளில் நிறைய வரும். ஒப்பாரி, தாலாட்டு, விடுகதை, வட்டாரச் சொற்கள். ‘களப்பணியின்போது சேகரிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும். சேகரித்தது யார்? அதே வருட மலரின் பிற்பகுதியைத் திருப்பினால் சில நேரம் விடை கிடைக்கும். ‘எங்கள் பாட்டி பாடிய ஒப்பாரி’ என்று ஒரு மாணவன் கொடுத்திருப்பான். அதே வரிகள், அதே எழுத்துப் பிழையோடு பேராசிரியரின் கட்டுரையில் இருக்கும். அவன் பெயர் இருக்காது, பாட்டியின் பெயர் சுத்தமாக இருக்காது. ஒப்படைப்பு என்ற பேரில் வகுப்பில் வாங்கிய நோட்டுதான் கட்டுரையாகியிருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

நா. வானமாமலை 1964-இல் தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ உங்கள் நூலகத்தில் இருக்கும். அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் வட்டாரச் சொல்லுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், எந்த ஊரில் சேகரித்தது என்று குறிப்பு. சேகரித்தவர்கள் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களும் ஆசிரியர்களும். தொகுப்பாசிரியர் புகழுக்கு அதனால் ஒரு குன்றுமணி எடை குறைந்துவிடவில்லை. எஸ்.எம். கார்க்கி, எஸ்.எஸ். போத்தையா என்ற பெயர்கள் இன்றும் ஆய்வாளர்கள் வாயில் இருப்பதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்து இதற்குக் கூடுதல் செலவு பாட்டுக்கு ஒரு வரி.

பேராசிரியர் எழுத்தும் மாணவர் எழுத்தும் எதிரெதிர் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து வளர்ந்த இடங்கள் நம்மிடம் உண்டு. சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் தமிழ் கற்பித்த மீரா எங்கள் தொழிலுக்கே பெருமை. வகுப்பும் எடுத்தார், கவிதையும் எழுதினார், ‘அன்னம்’ பதிப்பகத்தையும் நடத்தினார். அப்போது பெயர் தெரியாத எத்தனையோ இளம் கவிஞர்களின் முதல் தொகுப்பு அங்கிருந்துதான் வந்தது. அதே தலைமுறையில் கோவையில் ‘வானம்பாடி’ இதழ் 1971-இல் கிளம்பியபோது அதைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பள்ளி, கல்லூரித் தமிழாசிரியர்கள். பொள்ளாச்சியில் சிற்பி, வாணியம்பாடியில் அப்துல் ரகுமான். இதழும் புத்தகமும் நடத்தியதற்கு யாரும் அவர்களுக்குப் புள்ளி போடவில்லை.

இன்னும் பின்னால் போனால், கல்லூரி இதழ் என்றால் ஊரே வாங்கிப் படித்த காலமும் இருந்திருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி இதழ் 1883-இல் தொடங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில், பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. அற்புதங்கள் எல்லாம் செட்டப் என்று அந்தக் கடிதங்கள் காட்டுவதாக இதழ் வாதிட்டது. அடையாற்றில் இருந்த சபை கொந்தளித்தது. ஆவியுலக நிகழ்ச்சிகளை ஆராயும் லண்டன் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தது. மிஷனரி ஆசிரியர்கள் நடத்திய இதழ், அவர்களுக்கென்று ஒரு சார்பு இருந்தது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு கல்லூரி இதழில் வந்ததற்காகக் கப்பலேறி ஒருவர் வந்தார். இன்றைய தொகுதிகளுக்காக எதிர்த் தெருவிலிருந்துகூட யாரும் வருவதில்லை.

நம் காலத்தில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ‘சாதியும் நானும்’. பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் இருந்தபோது ‘கூடு’ என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டி வைத்துப் படிக்கவும் பேசவும் எழுதவும் வைத்தார். சாதியைத் தங்கள் வாழ்வில் எங்கே சந்தித்தோம் என்று மாணவர்களும் நண்பர்களும் எழுதிய 32 கட்டுரைகளை அவர் தொகுக்க, 2013-இல் காலச்சுவடு வெளியிட்டது. டீக்கடைத் தம்ளர், வகுப்பறை, நண்பன் வீட்டுத் திண்ணை என்று அவரவர் பார்த்ததை அவரவர் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். பின்னால் அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 2018-இல் வந்தது. அதில் எழுதியவர்கள் அன்றைக்குப் பிரபலங்கள் இல்லை, கல்லூரி மாணவர்கள், கல்லூரி முடித்த இளைஞர்கள். உங்கள் மலருக்குச் சுற்றறிக்கை பார்த்து ‘நட்பு’ கவிதை கொடுக்கிறானே, அதே வயதுப் பிள்ளைகள். வித்தியாசம் கேட்ட கேள்வியில் இருக்கிறது, அப்புறம் கேட்டவர் கூட உட்கார்ந்த நேரத்தில் இருக்கிறது.

பயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நிர்வாகம் என்ன சொல்லும், எந்தச் சங்கம் கொடி பிடிக்கும், பெற்றோர் வந்து கத்துவார்களா. பெருமாள்முருகனுக்கு ‘மாதொருபாகன்’ நாவலால் என்ன நேர்ந்தது என்பதை 2015-இல் எல்லோரும் பார்த்தோம். ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது என்பது பின்கதை. ஒரு சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியரிடம் போய் ‘தைரியமாகப் போடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாயில்லை, அவருக்கு நாளைக்கே வேலை போகலாம். ஆனால் பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்தை எழுதினால் எந்தக் கொடியும் வராது. நீங்கள் அடிக்கிற வரிகளில் பத்தில் எட்டு பயத்தால் அடிபடுவதில்லை, பழக்கத்தால் அடிபடுகிறது. அந்த எட்டை விட்டாலே மலர் வேறு மாதிரி ஆகிவிடும்.

உங்கள் சொந்த எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ முனைவர் பட்ட ஆய்வேடு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் நூலாக்கியது. கோயிலுக்கும் அதைச் சுற்றியிருக்கும் கள்ளர், இடையர், பள்ளர் சமூகத்தாருக்கும் என்ன உறவு என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியது. இன்றும் சித்திரைத் திருவிழா வந்தால் அந்தப் புத்தகத்தைத் தேடுகிறார்கள், அவர்களில் பாதிப் பேர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருந்த ஆ. சிவசுப்பிரமணியனும் அப்படித்தான், கடற்கரை ஊர்களையும் கைவிடப்பட்ட சிறுதெய்வங்களையும் தேடிப் போனார். உங்களில் பலரிடம் அப்படி ஒரு புத்தகத்துக்கான சரக்கு இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கும்போது எனக்குத் தெரிகிறது. நாலு பக்கத் தொகுதிக் கட்டுரையின் மூன்றாவது பக்கத்தில், மேற்கோள் எல்லாம் முடிந்த பிறகு, உங்கள் ஊர் ஏரி மடையைப் பற்றி ஒரு பத்தி வரும், நீங்களே பார்த்தது. அப்போது நான் நிமிர்ந்து உட்காருவேன். அடுத்த பத்தியில் ‘முடிவுரை’ வந்துவிடும். அந்த ஒரு பத்தியை ஐந்து வருடம் வளர்த்தால் நூல். வருடத்துக்கு எட்டுத் தொகுதியில் எட்டுக் கட்டுரை போட்டால் இரும்பு அலமாரியில் எட்டுக் கட்டு.

இனித் தொழில் பேச்சு.

ஒரு ஃபாரம் என்பது பதினாறு பக்கம். வண்ணத்தில் அடித்தால் நாலு பிளேட், கறுப்பில் அடித்தால் ஒன்று. ஆர்ட் பேப்பர் விலையும் மேப்லித்தோ விலையும் உங்களுக்கே தெரியும். வாழ்த்துரைகளையும் விருந்தினர் படங்களையும் பதினாறு வண்ணப் பக்கத்திலிருந்து எட்டாகச் சுருக்கினால், அந்த மிச்சத்தில் மாணவர் எழுத்துக்கு இரண்டு ஃபாரம் கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் அடங்கிவிடும். முப்பத்திரண்டு பக்கம். ஒருவருக்கு மூன்று பக்கம் கொடுத்தாலும் பத்துப் பேர் தாராளமாக எழுதலாம். அறுபது பேரின் அறுபது துணுக்குக்குப் பதில் பத்துப் பேரின் பத்துக் கட்டுரை. விட்டுப்போன ஐம்பது பேர் வருத்தப்படுவார்கள்தான். அடுத்த வருடம் எழுதிக் கொண்டுவருவார்கள்.

அந்த முப்பத்திரண்டு பக்கத்தையே கூடுதலாக முந்நூறு பிரதி ஓட்டித் தனி அட்டை போட்டுத் தந்தால் அது ஒரு சிறு நூல். ஒரு பிரதி இருபது, முப்பது ரூபாய்க்கு விற்கலாம், ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் வைக்கலாம். ஐ.எஸ்.பி.என். கல்லூரி பெயரிலேயே விண்ணப்பித்து வாங்கலாம், சொன்னேனே, காசில்லை. சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பிவிட்டால் பி.காம். இரண்டாமாண்டு மாணவியின் பெயர் அங்கே ஏறிவிடும். தொகுப்பாசிரியர் என்று உங்கள் பெயர் அட்டையில் இருக்கும். ஆய்வுக்கும் நூலுக்கும் துறை தானே அளவுகோல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, இதையும் உங்கள் பணியாகக் கணக்கில் சேருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மெய்ப்புக்கு மாணவர்களை அழைத்து வாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேராசிரியர் அம்மா மூன்று பிள்ளைகளைக் கூட்டி வந்தார். அவர்கள் கதையை அவர்களே திருத்தட்டும் என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து வேறு தாள் திருத்திக்கொண்டிருந்தார். ‘மாமா’ என்று கதையில் வருகிற ஆளை ‘மாமன்’ என்று மாற்றலாமா என்று மூன்று பேரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். எங்கள் ஆபரேட்டர் பெண்ணும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டாள். வேலை தாமதமானது, எனக்குக் கொஞ்சம் நட்டம். மறுபடி வந்தாலும் விடுவேன்.

தேதி விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். மார்ச்சில் எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், அப்போது என்னால் யாருக்கும் நல்ல வேலை செய்து தர முடியாது. வாழ்த்துரையும் போட்டோவும் கடைசி நாளில் வரட்டும், அவை எப்படியும் அப்போதுதான் வரும். மாணவர் பக்கங்களை ஜனவரி பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் கொடுங்கள். யுனிகோடில் தந்தால் உத்தமம், பி.டி.எஃப். மட்டும் வேண்டாம். டைப் அடிக்க வசதியில்லாத பிள்ளைகள் கோடு போட்ட தாளில் கையால் எழுதியதையே கொடுக்கட்டும், இங்கே அடித்துக்கொள்கிறோம், அதற்குத் தனியாகக் கட்டணம் போட மாட்டேன். திருத்தம் இருந்தால் பென்சிலில் போட்டு, எழுதியவரிடம் காட்டி, அவர் ஒத்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலர்களை அச்சடிப்பவன்